அரசன் பிடிபட்ட கல்லும் கண்டியின் செல்வமும்

கண்டி மாநகரிலிருந்து கிழக்கே மகியங்கனை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, தெல்தெனியவைக் கடந்து உன்னஸ்கிரிய மலையை ஏறத் தொடங்குமுன், மெதமகாநுவர என்னும் சிற்றூரை அடைகின்றது. அவ்வூரின் அயலிலே, கல்லேகேவத்தை என்ற இடத்தில், ஒரு நினைவுக்கல் நிற்கின்றது. உயரத்தாலோ வேலைப்பாட்டாலோ வழிப்போக்கரை நிறுத்தி வைக்கும் கல் அன்று அது. கண்டியின் கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் 1815 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் நாள் இவ்விடத்திலே சிறைபிடிக்கப்பட்டான் என்பதே அது அறிவிக்கும் செய்தி. கல் நாட்டப்பட்டது 1908 இல். நிகழ்ச்சிக்கும் கல்லுக்கும் இடையே 93 ஆண்டுகள் கழிந்திருந்தன.

போரிலே பட்டவர்க்குக் கல் நாட்டும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலிலே வகுத்துரைக்கின்றது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் அப்படிநிலைகளையே தன் காதைகளின் பெயர்களாகக் கொண்டு அமைந்தது. ஆயின் நடுகல் என்பது தன்னவர் தம் வீரனுக்கு எடுப்பது. மெதமகாநுவரக் கல்லோ வென்றவர் எடுத்தது. அதுவும் வீழ்ந்தவனுடைய வீரத்தை நினைந்து எடுத்ததன்று, அவன் அகப்பட்டதைக் குறித்து எடுத்தது. போர் நினைவுச் சின்னங்களுள் இத்தகையது அரிது. கல் நாட்டப்பெற்ற காலத்தில் மத்திய மாகாண அரசாங்க அதிபராக விளங்கியவர் ஜே. பி. லூயிஸ். வன்னி நாட்டைப் பற்றி 1895 இல் அவர் எழுதிய நூலை வட இலங்கையின் வரலாறு கற்போர் நன்கறிவர். இலங்கையின் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் உள்ள வாசகங்களைத் தேடித் தொகுத்து 1913 இல் வெளியிட்டவரும் அவரே. கல்லைத் தேடிய அந்த அலுவலர் தேடியது எழுத்தை. மலைநாட்டிலே பழங்கல்லைத் தேடுவோரிற் பலர் தேடுவது பொன்னை.

பழைய கல் நிற்கும் இடத்தில் பொருள் இருக்கும் என்னும் நம்பிக்கை ஈழம் முழுவதும் பரந்தது. கண்டி மலைகளில் அது வெறும் பேராசையால் மட்டும் எழுந்ததன்று. அவ்வரசு தன்னைக் காத்துக்கொண்ட முறையே அந்நம்பிக்கைக்கு வித்திட்டது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கண்டி நகருட் புகுந்தபோதெல்லாம் பெரும்பாலும் வெற்று நகரையே கண்டனர். நகரைக் காத்து நின்று மடிவது கண்டியரின் போர்முறை அன்று. பகைவன் வருகின்றான் என்றறிந்ததும் அரசனும் தேவியரும் தந்ததாதுவும் கருவூலமும் மலைகளுக்குள் மறைந்துவிடும். நகரம் ஆளின்றிக் கிடக்கும். சில வேளைகளில் கண்டியரே அதற்குத் தீயிட்டுச் செல்வர். பின்பு மழையும் காய்ச்சலும் உணவின்மையும் பகைவனை மெல்லக் கொல்லும். அவன் திரும்பும் வழியில் கணவாய்கள் தோறும் அம்பும் துவக்கும் காத்திருக்கும். இவ்வுபாயம் 200 ஆண்டுகளுக்கு மேலாக அவ்வரசை வாழவைத்தது.

அங்ஙனம் மறைவதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று மெதமகாநுவர. பெருந்தெருவிலிருந்து பார்ப்போர்க்கே அம்மலையின் அரண் தன்மை விளங்கும். நாடு கலங்கிய காலங்களில் தேவியரையும் பொருளையும் அங்கே அனுப்பிவைப்பது கண்டி மன்னர் வழக்கமாயிருந்தது. மற்றோர் இடம் ஹங்குராங்கெத்த. அது இன்று நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. 1664 இல் நிகழ்ந்த கலகத்தின் பின் இரண்டாம் இராசசிங்கன் தங்கி வாழ்ந்தது அங்கேயே. 1660 இல் பிடிபட்டு 19 ஆண்டுகள் கண்டி நாட்டிற் கைதியாய் வாழ்ந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தன் நூலில், அரசனுடைய செல்வத்தைப் பற்றி மக்கள் பேசிக்கொண்டவற்றையும் எழுதியிருக்கின்றான். மகாவலி கங்கையின் ஆழத்திலே, முதலைகள் உறையும் இடத்திலே, பொருள் மறைக்கப்பட்டுள்ளது என்பது அவற்றுள் ஒன்று. அது மெய்யோ பொய்யோ, 17 ஆம் நூற்றாண்டிலேயே புதையற் கதை அம்மலைகளில் வேர்கொண்டுவிட்டது என்பதற்கு நொக்ஸ் சான்று. இப்பொழுது அவ்வாற்றின் ஒரு பகுதியின்மேல் 1985 இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம் பரந்து கிடக்கின்றது. பழைய தெல்தெனிய நகரமே அந்நீரின் அடியில் ஆழ்ந்துபோயிற்று.

ஆங்கிலேயர் இச்செல்வத்தை முதன்முதல் நெருங்கியது 1803 இல். புத்தளத்து வணிகரிடம் பறிக்கப்பட்ட பாக்குக்கு ஈடு வேண்டும் என்பது தேசாதிபதி நோர்த் காட்டிய காரணம். கொழும்பிலிருந்து மக்டவலும் திருகோணமலையிலிருந்து பார்பட்டும் படை நடத்திச் சென்று, பெப்ரவரி மாதக் கடைசியிற் கண்டியை அடைந்தனர். நகரம் வெறுமையாயிருந்தது, அரண்மனையின் சில பகுதிகள் எரிந்துகொண்டிருந்தன, கருவூலத்தில் எடுத்துச் செல்லத்தக்க விலையுயர்ந்த பொருள் எதுவும் எஞ்சவில்லை. முன்னை அரசனின் மைத்துனன் முத்துசாமியை அவர்கள் அரியணையில் ஏற்றினர். குடிகள் ஒருவரும் வந்து வணங்காத அரசு அது. அரசன் ஹங்குராங்கெத்தையில் இருக்கின்றான் என்று கேள்வியுற்றதும் மார்ச்சு மாதத்தில் இரு படைப்பிரிவுகள் அங்கு விரைந்தன. அங்கும் அரசன் இல்லை. அரண்மனை இருந்தது, அதற்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பினர். இன்று அவ்வூரிலுள்ள பொத்குல் விகாரை, பாழ்பட்ட அரண்மனையின் எச்சங்களைக் கொண்டு எழுப்பப்பட்டது என்பர். சுவடிகளைக் காத்துவைத்திருப்பதனால் அமைந்த பெயர் அது. ஹங்குராங்கெத்தையின் உண்மையான புதையலைத் தேடுவோர் மண்வெட்டியோடு செல்லாமல் ஏட்டுச் சுவடிகளிடம் செல்வதே தகும்.

கண்டியில் விடப்பட்ட காவற்படையின் கதி யாவரும் அறிந்தது. காய்ச்சல் அதனைப் பாதியாக்கிற்று. ஜூன் 24 இல் கண்டியர் தாக்கவே, தளபதியாயிருந்த மேஜர் டேவி பணிந்தான். திருகோணமலைக்குச் செல்ல வழிவிடுவதாக உறுதி கூறப்பட்டது. ஆயின் வத்தப்புளுவவில் மகாவலி கரைபுரண்டு ஓடியது. கடக்கத் தோணி இல்லை. ஆற்றங்கரையிலே முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். அடுத்து வெள்ளைச் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். நகரின் மருத்துவ விடுதியிற் கிடந்த நோயாளரும் தப்பவில்லை. டேவி மரம் என்ற பெயரோடு அவ்விடமும் நினைவுச் சின்னம் பெற்றது. அதன் பக்கத்தில் முத்துசாமிக்கு ஒரு கல் எடுப்பார் இல்லை. தம்மை நம்பி வந்தவனைத் தம் உயிருக்கு விலையாகக் கொடுத்தவர்கள் அச்செய்தியைக் கல்லில் வெட்ட விரும்பாமை இயல்பே.

அந்தத் தோல்வி ஆங்கிலேயரின் நெஞ்சில் 12 ஆண்டுகள் ஆறாதிருந்தது. இரண்டாம் முறை அவர்கள் படையை மட்டும் நம்பவில்லை. ஜோன் டொயிலி என்ற அலுவலர் சிங்களத்தைக் கற்றுத் தேர்ந்து, ஒற்றர்களையும் பிக்குமாரையும் வணிகரையும் கொண்டு, கண்டியின் ஒவ்வொரு மூச்சையும் கொழும்பிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தார். 1917 இல் அச்சேறிய அவரது நாட்குறிப்பு, ஓர் அரசு உள்ளிருந்து எவ்வாறு அவிழ்ந்தது என்பதை நாள்தோறும் காட்டுகின்றது. பிரதானிகள் அரசனை வெறுத்தனர். எஹெலப்பொல அதிகாரி கலகஞ்செய்து தோற்று ஆங்கிலேயரிடம் ஓட, அவன் மனைவி மக்களை 1814 இல் அரசன் கொல்வித்தான். அதனால் மக்களும் அரசனைக் கைவிட்டனர். 1815 சனவரியிற் போர் சாற்றப்பட்டது. பெப்ரவரி 14 இல் ஆங்கிலப் படை கண்டியுட் புகுந்தது. சொல்லத்தக்க போர் ஒன்றுமே நடக்கவில்லை. அரசன் முன்னோர் வழியிலே தும்பறை மலைகளை நோக்கிச் சென்றான். முன்னோர்க்கு மலை மட்டுமன்றி மலைவாழ் மக்களும் அரணாயிருந்தனர். இவனுக்கு மலை மட்டுமே எஞ்சியது.

பெப்ரவரி 18 இல், கல்லேகேவத்தையில் ஓர் ஆராச்சியின் வீட்டிலே இரு தேவியரோடு ஒளிந்திருந்தபோது அரசன் அகப்பட்டான். பிடித்தவர் ஆங்கிலேயர் அல்லர். எக்னெலிகொட மொஹொட்டாலவின் ஆட்கள். காட்டுக்கொடியால் அரசனைக் கட்டி இழுத்தனர். தேவியரின் அணிகலன்களைப் பறித்தனர். காதணிகளை இழுத்துப் பறித்ததனாற் காதிலிருந்து குருதி வடிந்தது. ஆங்கிலேயரின் மொழிபெயர்ப்பாளராய் உடன்சென்ற டயஸ் பண்டாரநாயக்க என்பவர் இக்காட்சியைக் கண்டு எழுதிவைத்தார். தேவியர்க்குப் போர்த்துக்கொள்ளத் துணி கொடுத்ததையும் தாகத்தால் வாடிய அரசனுக்குப் பருகக் கொடுத்ததையும் அவர் குறிக்கின்றார். பின்பே டொயிலி வந்து, மரியாதையோடு பேசி, பல்லக்கிலேற்றி அனுப்பினார். கண்டியின் புதையல் வேட்டை தொடங்கிய இடம் எது என்று வினவின், அந்த ஆராச்சியின் வீட்டு முற்றமே என்று கூறல் வேண்டும். முதலிற் பறிபோனது மண்ணுக்குள் மறைந்த பொன்னன்று. ஒரு பெண்ணின் காதிற் கிடந்த பொன்.

முற்றத்தில் நடந்ததை யாவரும் கொள்ளை என்றே கூறுவர். தொடர்ந்து நடந்ததற்கு ஆங்கிலேயரிடம் வேறொரு பெயர் இருந்தது. போரிலே கைப்பற்றிய பொருளைச் சட்டப்படி திரட்டி, விற்று, வந்த பணத்தைப் படையினர்க்குப் பதவி வரிசைப்படி பங்கிடும் முறை அக்காலத்து ஆங்கிலப் படைகளில் வழங்கிற்று. அதற்கெனவே படையினருள் முகவர் நியமிக்கப்படுவர். 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் திப்புவின் செல்வம் பகிரப்பட்டதும் இம்முறையாலேயே. கண்டியிலும் அவ்வாறே முகவர் அமைந்தனர். மறைத்து வைக்கப்பட்ட அரச உடைமைகள் ஊரூராகத் தேடப்பட்டன. கண்டியரசில் மகாகபடாவ முதலிய களஞ்சியங்களும் அரமுதல என்னும் கருவூலமும் தனித்தனி அதிகாரிகளின் பொறுப்பில் இருந்தமையால், எதனை எவர் அறிவர் என்று கண்டுகொள்வது டொயிலி போன்றவர்க்கு அரிதாயிருக்கவில்லை. புதையல் தேடுவோர் மந்திரவாதியையும் மையையும் நாடுவர். அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது கணக்குப்பிள்ளையே.

இவ்வாறு திரண்டவற்றுட் பெரும்பகுதி கப்பலேறிற்று. அரசனின் ஆபரணங்கள் 1820 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலண்டன் நகரில், அச்சிட்ட பட்டியலோடு, ஏலத்தில் விற்கப்பட்டன. முடிசூடிய கழுத்தில் விளங்கிய மணிகள் அங்கே எண்ணிட்டுக் கூறுகூறாக விலைபோயின. எவர் வாங்கினர், எந்தப் பொற்கொல்லன் உருக்கினான், எந்த மாளிகையில் இன்று அவற்றின் கற்கள் வேறு அணிகளில் ஒளிர்கின்றன என்று தொடர்ந்து செல்வது இயலாத காரியம். மெதமகாநுவர மலையிலே இரவில் விளக்கோடு தோண்டுவோர்க்கு இந்தச் செய்தியைச் சொல்வார் எவருமில்லை போலும். அவர்கள் தேடும் பொருளிற் பெரும்பகுதி 200 ஆண்டுகளுக்கு முன்னரே விலை கூறப்பட்டு, பற்றுச்சீட்டு எழுதப்பட்டு, கணக்கும் முடிக்கப்பட்டது.

அரியணையின் வரலாறு வேறு. அது 1690 களில் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ என்பவரால் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளிக்கப்பட்டது. சிங்க உருவங்கள் தாங்கிய அவ்வாசனத்தைப் பிரவுன்றிக் தன் நாட்டு இளவரசர்க்குக் காணிக்கையாக்கினான். நூறாண்டுக்கு மேல் அது விண்ட்சர் மாளிகையிலே இருந்தது. 1934 இல் கிளொஸ்டர் கோமகன் இலங்கைக்கு வந்தபோது அரியணையும் அதனைச் சார்ந்த அரச சின்னங்களும் மீட்டளிக்கப்பட்டன. அவை கொழும்பு அரும்பொருட்சாலையில் இடம்பெற்றன. பிரவுன்றிக்கோ 1816 இல் பாரோனெட் பட்டம் பெற்றான். அவன் குடும்பச் சின்னத்திலே கண்டியின் முடியும் செங்கோலும் பொறிக்கப்பட்டன. போரிடாது வென்ற போருக்கு இத்துணைப் பரிசு கிடைத்தது.

கொடியைத் தேடிச் சென்றவர் ஈ. டபிள்யூ. பெரேரா. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் செல்சி நகர்ப்பகுதியிலுள்ள முதுபடைவீரர் இல்லத்தில், மங்கி நைந்த நிலையில், கண்டியரசனின் சிங்கக் கொடியை அவர் கண்டார். கண்டி வீழ்ந்து நூறாண்டு நிறைந்த 1915 மார்ச்சு 2 ஆம் நாள் அதன் உருவம் தினமின பத்திரிகையில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சிங்களக் கொடிகள் பற்றிய அவரது நூல் வெளியாயிற்று. மண்வெட்டி பிடித்தவன் எவனும் காணாத புதையலை ஒரு நியாயவாதி கண்டெடுத்தார் என்க. 1948 இல் விடுதலை பெற்ற நாடு அச்சிங்கக் கொடியையே ஏற்றிற்று. தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் அதில் இடமில்லை என்ற முறைப்பாடு எழவே, குழுவொன்று அமைந்து, காவியும் பச்சையுமான இரு பட்டைகள் சேர்க்கப்பட்டன. அக்குழுவிலிருந்த செனற்றர் நடேசன் அதற்கு உடன்படவில்லை. ஒரு வேடிக்கை ஈண்டுக் குறிக்கத்தக்கது. எவருடைய கொடி என்று இவ்வளவு வழக்காடினார்களோ, அக்கொடியைக் கடைசியாகத் தன் அரண்மனையில் ஏற்றியவன் கண்ணுசாமி என்னும் இளமைப் பெயர் பூண்ட, தென்னிந்திய நாயக்கர் குலத்து மகன்.

அவன் குலத்தைப் பற்றி ஆங்கிலேயர் எழுதியதை மறத்தல் ஆகாது. 1815 மார்ச்சு 2 இல் கண்டி மண்டபத்திலே கைச்சாத்தான உடன்படிக்கை, அரசனை நீக்கியதோடு அமையவில்லை. மலபார் இனத்தார்க்குக் கண்டி மாகாணங்களின்மேல் இருந்த உரிமை அடியோடு ஒழிந்தது என்றும், அரசனின் ஆண் உறவினர் அனைவரும் பகைவர் என்றும், அனுமதியின்றி அவர்கள் அம்மாகாணங்களுட் காலடி வைப்பின் மரண தண்டனை என்றும் அது விதித்தது. மலபார் என்பது அன்று ஆங்கிலேயர் தமிழரைக் குறிக்கவும் வழங்கிய சொல். அதே ஆங்கிலேயர், அதே மலைகளுக்கு, அதே சொல்லாற் குறிக்கப்பட்ட மக்களை ஆயிரமாயிரமாக அழைத்துவர நெடுங்காலம் செல்லவில்லை. 1820 களில் கம்பளைப் பகுதியிலே கோப்பித் தோட்டம் தொடங்கியது. 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், உரிமை காட்டப்படாத காடுகளையும் தரிசையும் முடிக்குரியனவாக்கியது. 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்க, ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 1867 இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. லூல்கந்துரை ஹங்குராங்கெத்தைக்கு அண்மையிலுள்ளது. எந்த மலைகளில் அரசன் தன் பொருளை மறைத்தான் என்று கதை வழங்கியதோ, அந்த மலைகளையே சரிவு சரிவாகத் தோண்டிக் குழியிட்டவர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். நுவரெலியா, அற்றன், டிக்கோயா, பூண்டுலோயா எங்கணும் அவர்களுடைய அலவாங்கு படாத சரிவு அரிது. கண்டி மலைகளை அவர்களைப்போல் தோண்டியவர் வேறெவருமில்லை. நூறாண்டுக்கு மேலாக இலங்கையின் பொருளாதாரத்தைத் தாங்கிய செல்வம் அக்குழிகளிலிருந்தே எழுந்தது.

நுவரெலியாச் சமவெளியிலே வேறு குழிகளும் இருந்தன. 1840 களின் கடைசியில் அங்குக் குடியேறிய சாமுவேல் பேக்கர் அவற்றைக் கண்டு, பண்டைய அரசர் காலத்தில் மாணிக்கம் எடுத்த குழிகள் என உணர்ந்தார். இலங்கையில் தாம் கழித்த எட்டாண்டுகளைப் பற்றி 1855 இல் வெளியிட்ட நூலில் அவற்றை விரித்துரைக்கின்றார். தாமும் மாணிக்கம் தேடியவர் அவர். பின்னர் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்றதும் அவரே.

போர் நினைவுக்கு மீள்வோம். மலைநாட்டுத் துரைமார் தமக்கென ஒரு படையை 1900 இல் அமைத்தனர். தோட்டக்காரர் துவக்குப் படை என்ற அது ஐரோப்பியர் மட்டும் சேர்ந்த படை. அதிலிருந்து சென்றவர் தென்னாபிரிக்கப் போரிலும், 1914 இல் எகிப்திலும், 1915 இல் கலிப்பொலியிலும் நின்றனர். 1949 இல் அப்படை கலைக்கப்பட்டது. மலைநாட்டுத் தேவாலயங்களின் உட்சுவர்களையும் முற்றங்களையும் நோக்குவோர் அக்காலத்துத் துரைமாரின் பெயர்களைக் கல்லிலும் பித்தளையிலும் காணலாம். நுவரெலியாவிலும், டிக்கோயாவில் 1878 இல் எழுந்த வார்லி தேவாலயத்திலும் நெடுநேரம் நின்று வாசிக்கத்தக்க கற்கள் உள. அக்கற்களைத் தேடி ஆங்கில நாட்டிலிருந்தும் உறவினர் வருவர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்து, வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே வீழ்ந்தவர்க்குக் கல் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. லூயிஸ் தொகுத்த நூலில் அவர்கள் இடம்பெறாமை அவர் குற்றமன்று. கல் இருந்தாலன்றோ எழுத்தைப் படியெடுக்கலாம். அவர்களின் வழிவந்தோரும் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். உடன்படிக்கை ஒரு குலத்தை வெளியேற்றிய பின் 133 ஆண்டுகள் கழித்து, அதே மலைகளில், மற்றொரு சட்டம் பெருந்தொகையான மக்களை அயலார் என்று எழுதிற்று.

நினைவுச் சின்னத்தின் அடியில் உண்மையாகவே அரும்பொருள் ஒன்று இருக்கும் இடம் மலைநாட்டில் உண்டு. அது கண்டி நகரில், தலதா மாளிகைக்கு எதிரே உள்ளது. 1817 இல் தொடங்கி 1818 முழுவதும் ஊவாவையும் வெல்லசையையும் எரித்த கிளர்ச்சியில், அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பிட்டிப்பொல திசாவை கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தான். சேருமுன் தனக்கு அளிக்கப்பட்ட ஆயுதங்களை ஆங்கிலேயர்க்கே திருப்பி அனுப்பினான் என்பர். பிடிபட்டபின் 1818 நவம்பர் 26 இல் அவன் தலை வெட்டப்பட்டது. மண்டையோட்டைப் படை மருத்துவராகிய ஹென்றி மார்ஷல் எடுத்துச் சென்று, மண்டையின் மேடு பள்ளங்களைக் கொண்டு மனிதன் குணத்தை அளக்க முயன்ற எடின்பரோச் சங்கத்தார்க்குக் கொடுத்தார். அந்தப் போலி விஞ்ஞானம் மறைந்தொழிந்தது, மண்டையோடு எஞ்சிற்று. நாடு விடுதலை பெற்றபின் அது திரும்பி வந்து, கண்டியில் எழுப்பிய தூபியின் கீழ் வைக்கப்பட்டது. கிளர்ச்சிக் காலத்தில் அவனையும் பிறரையும் துரோகிகள் என்று சாற்றிய அறிவித்தலை 2016 டிசம்பரில் இலங்கைச் சனாதிபதி நீக்கினார். 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிற் கைப்பற்றிய லெவ்கே திசாவையின் பீரங்கியும் ஆம்ஸ்ரடாம் அரும்பொருட்சாலையிலிருந்து, வேறு ஐந்து பொருள்களோடு, 2023 இல் மீட்டளிக்கப்பட்டது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அப்பீரங்கி போருக்கென வார்க்கப்பட்டதன்று, காணிக்கையாக வார்க்கப்பட்டது.

இவ்வளவு நிகழ்ந்தும் தோண்டுவோர் ஓயவில்லை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இதனைக் குற்றமாக்கியுள்ளது. 1998 இல் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. ஆயினும் விகாரைகளின் தூபிகளும் பழைய கற்படிகளும் கல்வெட்டுடைய பாறைகளும் இரவோடிரவாகப் பிளக்கப்படுகின்றன. பூசைப்பொருளும் மந்திரவாதியும் வெடிமருந்தும் ஒருங்கே பிடிபட்ட செய்தி அடிக்கடி பத்திரிகைகளில் வருவதாகும். இத்தகையோர் அழிப்பது கல்லை மட்டுமன்று. ஒரு பானை ஓடு எந்த மண்ணடுக்கில் எவற்றோடு கிடந்தது என்பதே ஆராய்வோனுக்குச் சான்று. தோண்டியவன் பொன்னைத் தேடி அவ்வடுக்கைக் கலைத்துவிட்டால் ஓடு கைக்கு வந்தும் பயனில்லை. பொன் கிடைத்தவன் அதனை உருக்குகின்றான். கிடையாதவன் அடுத்த கல்லிடம் செல்கின்றான்.

மெதமகாநுவரக் கல்லிலே பிடிபட்ட மனிதன் ஓராண்டு வரை கொழும்பிலே காவலில் இருந்தான். 1816 சனவரி 24 இல் கோண்வாலிஸ் என்ற கப்பல் அவனையும் தேவியரையும் உறவினரையும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டது. வேலூர்க் கோட்டையிலே, திப்புவின் மக்கள் முன்னர்ச் சிறையிருந்த அதே கோட்டையிலே, அவன் 16 ஆண்டுகள் வாழ்ந்து, 1832 சனவரி 30 இல் இறந்தான். அவனைப் பிடிக்க வழிகோலிய டொயிலி அதற்கு எட்டாண்டு முன்பே, 1824 மே மாதத்தில், மணஞ்செய்யாதவராகக் கண்டியில் காய்ச்சலால் இறந்து, அரண்மனைக்கு அண்மையிலுள்ள படையினர் இடுகாட்டில் அடக்கமாயிருந்தார். எஹெலப்பொலவும் தான் வரவேற்ற ஆட்சியின் ஐயத்துக்கு ஆளாகி மொரீசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டு 1829 இல் அங்கேயே மாண்டான்.

அரசனின் சமாதி பாலாற்றங்கரையிலே உள்ளது. அவன் குடும்பத்தாரின் சமாதிகளும் அங்கு உள. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த அவ்விடத்தில் தமிழக அரசு 1990 இல் முத்துமண்டபம் ஒன்றை எழுப்பிற்று. கல்லேகேவத்தையில் வென்றவர் நாட்டிய கல்லுக்கும் பாலாற்றங்கரையில் தன் மொழி பேசுவோர் கட்டிய மண்டபத்துக்கும் இடையே கடலும் 82 ஆண்டுகளும் கிடக்கின்றன. மண்டபத்தைக் காண வருவோரிற் சிலர் இலங்கையிலிருந்து வரும் சிங்களர். அவர்கள் வெண்மலர் வைத்து வணங்கிச் செல்வர்.